மேயரம்மாவின் அங்குலங்கள்

மீன் பிடிக்கிறவன் பொய் சொல்லுவான் என்பது வடக்கு விஸ்கான்சினில், பைன்கட் ஆற்றங்கரையில், யாருக்கும் புதுச் செய்தி இல்லை. பதினாறு அங்குல மீனைப் பதினெட்டு என்பான். பதினெட்டை இருபது என்பான். கேட்கிறவனும் மனதுக்குள் இரண்டைக் கழித்துக்கொண்டு தலையாட்டுவான். தேவாலயத்துப் பாதிரியாரே அப்படித்தான் பேசுவார் என்பதால் அதை யாரும் பாவத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் ஓரின் ட்வைட் சொல்லிக்கொண்டிருந்த பொய் அந்த ரகம் இல்லை. செத்துப்போன ஒரு மீனை அவன் மூன்று வருடமாக உயிரோடு வைத்திருந்தான். அதுவும் பெண்டாட்டியிடம்.

அந்த மீனுக்கு மேயரம்மா என்று பெயர். பெயர் வைத்தவள் அவர்களுடைய ஒரே மகள் பிரிட்டா. பதினேழு வயதில் மீன்வளத் துறைக்காரர்களோடு கோடை முழுக்கச் சம்பளமில்லாமல் படகில் சுற்றிய பெண். அந்த அக்டோபரில் ஆற்றின் வளைவில் இருக்கும் மடுவில் அவளே தூண்டில் வீசி, அவளே பிடித்து, முதுகுத் துடுப்பின் அடியில் அவளே ஒரு மஞ்சள் அடையாள இழையைக் குத்தி, 417 என்று நோட்டில் எழுதித் திரும்பவும் தண்ணீரில் விட்ட பாஸ் மீன் அது. "அப்பா, இது முறைக்கறதைப் பாரேன். நான் என்னமோ வரி கட்டாம ஓடிட்ட மாதிரி! சரியான மேயரம்மா" என்று சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

பதினேழில் அதைப் பிடித்தவள் பத்தொன்பதில் போய்விட்டாள். ஜனவரி மாதம், கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில், பனி இறுகிய சாலையில் கார் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. காலையில் பால் லாரி ஓட்டுகிறவன்தான் பார்த்தான். உடனே உயிர் போகவில்லை, இரண்டு மூன்று மணி நேரம் இருந்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதை மார்லிஸ் நின்று கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் வாயில் எடுத்ததே இல்லை.

சின்னவாய் பாஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. கோடையில் ஆறு முழுக்க எங்கே மேய்ந்தாலும், தண்ணீர் சில்லிட்டதும் வருடா வருடம் அதே மடுவுக்குத்தான் வரும். வந்து, கல்லோடு கல்லாகக் குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடக்கும். அதனால் ஓரினுக்கும் ஒரு பழக்கம் வந்தது. வருடத்துக்கு ஒருநாள் அந்த மடுவுக்குப் போய், மேயரம்மாவைப் பிடித்து, அளந்து, விட்டுவிட்டு வருவான். மகள் கை பட்டதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான். அவன் திரும்பி வரும்போது மார்லிஸ் பென்சிலைச் சீவி வைத்திருப்பாள்.

அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவுநிலையில் பிரிட்டாவின் உயரக் கோடுகள் இருந்தன. இரண்டு வயதிலிருந்து பதினேழு வரைக்கும். அதற்கெல்லாம் கீழே, முழங்கால் மட்டத்தில், மேயரம்மாவின் கோடுகள். முதல் கோட்டைப் போட்டவள் பிரிட்டா: "இவளும் நம்ம வீட்ல வளரட்டும்மா." பதினாறு அங்குலம். அப்புறம் பதினாறரை, பதினேழு என்று மெல்ல ஏறி, மூன்று வருடத்துக்கு முன்னால் பத்தொன்பதில் வந்து நின்றது. உண்மையில் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வருடம் ஓரினுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. அக்டோபர் முழுக்கப் படுக்கை. நவம்பர் கடைசியில்தான் நொண்டிக்கொண்டே மடுவுக்குப் போனான். தண்ணீர் அந்த ஊர்க் கணக்கில் முப்பத்தெட்டு டிகிரி. இன்னும் ஆறு டிகிரி இறங்கினால் பனிக்கட்டி. அக்டோபரில் பன்னிரண்டடி ஆழத்து மேட்டில் நிற்கிற மீன்கள் அதற்குள் முப்பத்தைந்தடி ஆழத்துக்கு இறங்கிவிட்டிருந்தன. நாற்பதுக்குக் கீழே போய்விட்டால் ஆழத்து மீனைத் தொடக்கூடாது என்பது அந்த ஆற்றுக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கிற கட்டுப்பாடு. அவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தால் மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை உப்பிவிடும். நல்லபடியாக விட்டாலும் மீனால் கீழே போக முடியாது. ஓரினுக்கு இது தெரியாதா? வெளியூர்க்காரர்களைப் பிடித்து வைத்துச் சொல்லித் தருகிறவனே அவன்தான். ஆனால் வீட்டில் மார்லிஸ் பென்சில் சீவிவிட்டாள். வெறும் ஆளாகப் போய் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கயிற்றை ஆழத்தில் இறக்கினான்.

மேயரம்மா வந்தாள். வரும்போதே வயிறு உப்பியிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டில் "பத்தொன்பது, நல்லாருக்கா" என்று மட்டும் சொன்னான். அடுத்த வருடம் சும்மா மடுவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, "அதே பத்தொன்பதுதான்" என்று சொல்ல வாயெடுத்தான். மார்லிஸின் முகம் ஏற்கனவே மலர ஆரம்பித்திருந்தது. "பத்தொன்பதரை" என்றான். மீன்காரன் புத்தி எங்கே போகும்? அதற்கடுத்த வருடம் இருபது.

இந்த வருடம் நவம்பர் பிறந்து ஒரு வாரம் ஆகியும் அவன் ஆற்றுப்பக்கம் போகவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை என்றால் அந்த ஊரே மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிடும். வறுத்த மீன், கோஸ் சாலட், கம்பு ரொட்டி, கூட பிராந்தி. ஓரினும் மார்லிஸும் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வென்டெல் தட்டோடு வந்து கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்தான். ஓரினோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். கோடையில் டவுன்காரர்களைப் படகில் ஏற்றிப் பாஸ் காட்டிப் பிழைக்கிறவன்.

"என்ன மார்லிஸ், உங்க வீட்டு மேயரம்மா சௌக்கியமா?"

"இந்த வருஷம் இவன் இன்னும் போகவே இல்ல. போன வருஷம் இருபது அங்குலம்" என்றாள் மார்லிஸ். தன் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிற குரல். "அதுக்கு முந்தி பத்தொன்பதரை."

வென்டெல் மீனை வாயருகே கொண்டுபோனவன் நிறுத்தினான். "அந்தக் கிழவியா? இன்னுமா வளருது? டேய் ஓரின், நம்ம ஆத்துத் தண்ணிக்கு அந்த வயசுல கால் அங்குலம் ஏறவே மூணு வருஷம் ஆகும்டா. வருஷத்துக்கு அரை அங்குலமா? என்னடா போட்டு வளக்கற, பன்னித் தீவனமா?"

அடுத்த மேசையிலிருந்தும் சிரித்தார்கள்.

"அளக்கறதுல முன்னபின்ன இருக்கும்" என்றான் ஓரின்.

"உன் அளவுகோல் எனக்குத் தெரியாதா? அது ரப்பர்ல செஞ்சது."

மார்லிஸும் சிரித்தாள். ஆனால் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். ஓரின் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் அவள் சொன்னாள்: "நாளைக்கு நானும் வரேன்."

"எங்க?"

"மடுவுக்கு. வேற எங்க?"

"குளிர் கொல்லுது மார்லி. ஓரமெல்லாம் ஐஸ் புடிச்சிருக்கு. நீ எதுக்கு?"

"நான் என்ன ஃப்ளோரிடாவுலயா பொறந்தேன்? என்கிட்ட கோட்டு இருக்கு."

பிரிட்டா போன பிறகு மார்லிஸ் ஒருநாள்கூடப் படகில் கால் வைத்ததில்லை. ஓரின் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மீன் கடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் ஆயிற்று. அதை யாரால் பொய் என்று சொல்ல முடியும்? ஆற்றில் பாதி நாள் அதுதானே நடக்கிறது?

காலையில் வானம் அலுமினியப் பாத்திரத்தின் அடி மாதிரி இருந்தது. படகுத்துறையில் கண்ணாடித் தாள் போலப் பனி படிந்திருந்தது. ஓரின் துடுப்பால் தட்டி உடைத்துப் படகை இறக்கினான். மார்லிஸ் மடியில் ஒரு கம்பளிப் பையை வைத்துக்கொண்டு முன்பக்கம் உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்காக இருக்கும் என்று நினைத்தான். அவள் பிரிட்டாவின் தூண்டில்கோலையும் எடுத்து வந்திருந்தாள். "இதுலயே போடு" என்றாள். மறுக்க முடியவில்லை.

மடுவின் மேட்டில் நங்கூரம் போட்டான். தண்ணீர் நாற்பத்தொன்று. இன்னும் மீன்கள் மேட்டில்தான் இருக்கும். பூச்சிப் பெட்டியைத் தன் பக்கம் திருப்பித் திறந்து, முயல் ரோமத்தில் கட்டின பழுப்புப் பொய்ப்பூச்சி ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினான். பெட்டியின் மூடியில் இருந்த பஞ்சுக்கு அடியில் 417 என்ற மஞ்சள் இழை இருந்தது. மூன்று வருடமாக அங்கேதான் இருக்கிறது.

பூச்சியைத் தூண்டில் நரம்பில் முடிந்து கொடுப்பது மார்லிஸின் வேலை. ஓரினின் இடது கையில் இரண்டு விரல்களின் நுனி மெழுகு மாதிரி வெளுத்து உணர்ச்சியற்றுப் போயிருந்தன. பனியில் வண்டி டயரை மாற்றும்போது விறைத்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தான். ஒரு குளிர்காலம் முழுக்க அவள்தான் தைலம் தேய்த்தாள். இப்போதும் முடிச்சைப் போட்டு, பல்லால் வாலைக் கடித்துத் துப்பிவிட்டு, "ம்" என்று கொடுத்தாள்.

வீசினான். கயிறு மெல்ல நீண்டு தண்ணீரில் விழுந்தது. கோல் வளையங்களில் பனி அடைத்துக்கொண்டது. கோலைத் தண்ணீரில் முக்கிக் கரைத்தான். முப்பது எண்ணும் வரை பூச்சியை இறங்கவிட்டு, இழுக்காமல், சும்மா விடவேண்டும். குளிரில் பாஸ் துரத்தாது. வெயில் காலத்தில் கதவை உடைக்கிற மாதிரி வந்து விழுகிற மீன், இப்போது மூக்குக்கு முன்னால் வந்ததை வாயைத் திறந்து உள்ளே விடும், அவ்வளவுதான். கயிறு துளி கனக்கும். விரல் நன்றாக இருக்கிறவர்களுக்கே அது தெரிவது கஷ்டம். ஓரின் கயிற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். இன்றைக்குப் பார்க்கக்கூடாது என்று தீர்மானித்திருந்தான்.

"ஓரின்."

"ம்."

"நமக்கு அறுபத்தி ரெண்டு ஆச்சு."

"உனக்கு. எனக்கு அறுபத்தி மூணு."

"கூட்டிச் சொல்றதுன்னா உனக்குச் சொல்லித் தரணுமா." சிரிக்கவில்லை. "நம்ம ஊர் கிளாடிஸ் செத்ததுக்கப்புறம் அவ வீட்டுச் சாமானெல்லாம் போன வாரம் வித்தாங்களே, போயிருந்தேன்ல? ஒரு மேசை மேல ஃபோட்டோ சட்டம், உப்பு ஜாடி, பழைய கடிகாரம். அதுக்கு நடுவுல அவ புருஷனோட சாம்பல் இருக்கற பெட்டி. வெளியூர்லேர்ந்து வந்த பேரனுக்கு அது என்னன்னே தெரியல. யாரோ ஒருத்தி மூடியைத் தொறந்து உள்ள எட்டிப் பாக்கறா, நகை இருக்குமான்னு."

அவள் கம்பளிப் பையை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது ஃபிளாஸ்க் இல்லை. ஒன்பது வருடமாகக் கூடத்து அலமாரியில், ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில், அவள் வாரம் ஒருமுறை துடைத்து வைத்த மரப்பெட்டி. பிரிட்டாவின் சாம்பல்.

"நமக்கப்புறம் இவளுக்கு யாரு இருக்கா? நான் போய்ட்டா நீ, நீ போய்ட்டா அந்த மேசைதான். நெறைய யோசிச்சேன். கல்லறைல வெக்க மனசு வரல. சும்மா ஏதோ ஒரு தண்ணில விடவும் மனசு வரல. மேயரம்மா இங்க இருக்கால்ல? இவ கையால தொட்டது உயிரோட இருக்கற இடம் இது ஒண்ணுதான். இங்கன்னா விடுவேன்." பெட்டியின் மேல் கையுறையோடு தடவினாள். "முதல்ல அவளைப் புடி. நான் ஒரு தடவை தொட்டுக்கறேன். அப்புறம் ரெண்டு பேரையும் சேத்து விட்டுரலாம்."

மீன் கடிக்கவில்லை என்ற பொய் இனி போதாது. அவன் சும்மா இருந்தாலே போதும், அவள் தன் மகளைக் கொண்டுபோய் இல்லாத ஒரு மீனை நம்பிக் கொட்டிவிடுவாள். சொன்னால், இருக்கிற ஒன்றும் போய்விடும். இரண்டில் எது பெரிய பாவம் என்று யோசிக்கக்கூட அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. கயிறு நின்றது.

பார்க்கக்கூடாது என்று இருந்தவன் பார்த்துவிட்டான். கை பழக்கத்தில் கோலைத் தூக்கிவிட்டது. அடியில் கனமாக ஒன்று தலையை ஆட்டியது. குதிக்கவில்லை, ஓடவில்லை. ஈரச் சாக்குமூட்டை மாதிரி வந்தது.

"வந்துட்டாளா?" மார்லிஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எழப் பார்த்தாள். "அவதானா?"

"உக்காரு, படகு ஆடுது."

வலையில் வாங்கி, வலையைத் தண்ணீரிலேயே வைத்தான். பச்சையும் வெண்கலமுமாகப் பெரிய பெண்மீன். பத்தொன்பது இருக்கும். முதுகுத் துடுப்பின் அடியில் ஒன்றும் இல்லை. வெறும் செதில்.

"இழையைக் காணோமே" என்றாள் மார்லிஸ். குரல் தயங்கியது. உடனே அவன் பிடித்துக்கொள்ள அவளே ஒரு கொப்பையும் நீட்டினாள். "பத்துப் பதினோரு வருஷம் ஆச்சே. அறுந்து விழுந்திருக்குமோ? பிரிட்டாவே சொல்லுவா, சிலது விழுந்துடும்னு. முறைக்கறதைப் பாரு. இவதானே ஓரின்? இவதானே?"

பதில் அவன் வாயில் தயாராக வந்து நின்றது. ஆமா. ஒரே வார்த்தை. இழைகள் அறுந்து விழுவது உண்மைதான், வென்டெலே வந்து சாட்சி சொல்வான். அவள் குனிந்து மீனைத் தொடுவாள், அழுவாள், பெட்டியைத் திறப்பாள். எல்லாம் நல்லபடியாக முடியும். இத்தனை வருடத்தில் அவனுக்கு இவ்வளவு சுத்தமான பொய் கிடைத்ததே இல்லை.

அவள் மார்போடு அணைத்திருந்த பெட்டியை அவன் பார்த்தான்.

"இல்ல மார்லி. இவ இல்ல."

கொக்கியைக் கழற்றி வலையைச் சாய்த்தான். மீன் ஒரு கணம் நின்று, வாலை ஒருமுறை அசைத்து இறங்கியது. அப்புறம் பூச்சிப் பெட்டியின் மூடியிலிருந்து பஞ்சைப் பிய்த்து, மஞ்சள் இழையை எடுத்து அவள் கையுறை மேல் வைத்தான்.

"அவ செத்து மூணு வருஷம் ஆச்சு. நான்தான் கொன்னேன். ஆழத்துலேர்ந்து இழுத்தேன். இழுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சே இழுத்தேன்."

மார்லிஸ் எண்ணைப் படித்தாள். மகள் தன் கையால் குத்திய எண். ஆற்றுக்கு மேலே ஒரு காகம் கத்திக்கொண்டு போனது.

"போன வருஷம் இருபதுன்ன."

"ஆமா."

"அதுக்கு முந்தி பத்தொன்பதரைன்ன."

"ஆமா."

"நான் முட்டி போட்டு உக்காந்து கோடு போட்டேன்டா. முட்டி வலியோட. நீ பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்த." குரல் ஏறவில்லை. அதுதான் ஓரினுக்குத் தாங்கவில்லை. "'இன்னும் கொஞ்சம் மேல'ன்னு வேற சொன்ன. சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"வென்டெல் சொன்னப்பவே எனக்கு இடிச்சுது. இடிச்சாலும், என் புருஷன் ஊர்கிட்டதான் அளப்பான், என்கிட்ட மாட்டான்னு நெனச்சேன்." பெட்டியைத் திரும்பவும் கம்பளிப் பைக்குள் வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "வீட்டுக்குப் போ."

நங்கூரத்தை இழுத்தான். கயிற்றிலிருந்து வழிந்த தண்ணீர் படகின் அடியிலேயே உறைந்தது. துடுப்புப் போட்டான். அவள் அவனைப் பார்க்காமல் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவள் முதுகு இவ்வளவு சின்னது என்று அவன் இன்றுதான் பார்த்தான். அழவேண்டும் போலிருந்தது. அழுதால் அதையும் நடிப்பு என்று நினைப்பாளோ என்று பயந்து துடுப்பைப் போட்டான்.

பாதி தூரத்தில், திரும்பாமலே கேட்டாள்: "அதை என்ன பண்ணின?"

"எதை?"

"செத்ததை."

"எடுத்துட்டு வரக்கூடாதுல்ல. சீசன் முடிஞ்சா உசுரோட இருந்தாலும் செத்தாலும் தண்ணிக்குத்தான். அங்கயே விட்டேன். ஒரு கல்லைக் கட்டி, அவ படுத்துக் கெடந்த எடத்துலயே இறக்கினேன்."

துடுப்பு நான்கைந்து முறை விழுந்து எழுந்தது.

"உடனே செத்துச்சா?"

ஓரின் துடுப்பை நிறுத்தினான். "இல்ல. மேல வந்ததும் குப்புறக் கவுந்துட்டா. நிமித்திப் புடிச்சேன். கையை விட்டா கவுந்துடுவா. தண்ணிய எதிர்த்துத் தலையை வெச்சு, முன்னயும் பின்னயும் மெதுவா ஆட்டிக்கிட்டே இருந்தேன். செவுள் அசைஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. இப்ப போயிடுவா, இப்ப போயிடுவான்னு பாத்தேன். கையுறை போட்டா அவ தோல் உரிஞ்சிடும், அதனால வெறுங்கை. கடைசில செவுள் நின்னுடுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

மார்லிஸ் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துடுப்பைப் பிடித்திருந்த இடது கையைப் பார்த்தாள். வெளுத்த அந்த இரண்டு விரல் நுனிகளை. ஒரு குளிர்காலம் முழுக்கத் தைலம் தேய்த்த விரல்கள்.

"டயர் மாத்தினேன்ன."



அவள் தன் கையுறையைக் கழற்றினாள். அவன் கையைத் துடுப்பிலிருந்து பிரித்து, அந்த இரண்டு விரல்களையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம், ஒன்பது வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"நம்ம கொழந்தைய அன்னிக்கு இப்படிப் புடிச்சுக்க யாருமே இல்ல ஓரின்."

சொல்லிவிட்டு அழுதாள். வாய்விட்டு, ஆறு கேட்க, வெட்கமில்லாமல் அழுதாள். ஓரினும் அழுதான். படகு யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் கொஞ்ச தூரம் அதன்பாட்டுக்குக் கீழே போய், ஓரத்துப் பனியில் மோதிச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தில்தான் இருவரும் நிமிர்ந்தார்கள்.

மார்லிஸ் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "திருப்பு."

"வீட்டுக்கா?"

"மடுவுக்கு. இப்ப விட்டா மொத்தமா உறைஞ்சுடும். அப்புறம் ஏப்ரல் வரைக்கும் காத்துக்கிட்டிருக்கணும். என்னால முடியாது."

"அங்க ஒண்ணும் உசுரோட இல்லையே மார்லி."

"தெரியும். சொல்லிட்டல்ல. நீ மூணு மணி நேரம் புடிச்சிருந்த எடம் எதுன்னு காட்டு. அது போதும்."

காட்டினான். அவள் பெட்டியைத் திறந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். வீசவில்லை. கனமானது உடனே இறங்கியது. நுண்ணியது கொஞ்சநேரம் படகைச் சுற்றி நின்று, பிறகு கரைந்தது. ஓரின் அவள் கோட்டைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் அவள் கை செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அவன் அதைத் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கினான். இருவரும் பிரார்த்தனை எதுவும் சொல்லவில்லை. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மார்லிஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். மேசை இழுப்பறையிலிருந்து பென்சிலை எடுத்தாள். நேற்றே சீவி வைத்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தாள். பென்சிலின் பின்பக்க ரப்பரால் இருபதை அழித்தாள். பத்தொன்பதரையை அழித்தாள். பத்தொன்பதோடு நிறுத்தி, தூசியை ஊதினாள். ஓரின் அவளுக்குப் பின்னால் நின்றான். இந்த முறை மேலே என்றும் சொல்லவில்லை, கீழே என்றும் சொல்லவில்லை.

"அவ செத்தது என்ன தேதி?"

"நவம்பர் இருபத்தாறு."

எழுதினாள். எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"மூணு மணி நேரம் புடிச்சிருந்தேன்னியே. நெஜமா எவ்வளவு?"

ஓரின் யோசித்தான். அன்று படகுத்துறையில் வண்டிக்குள் உட்கார்ந்து, சாவியைத் திருப்ப முடியாத கையோடு, கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"ரெண்டே முக்கால்."

மார்லிஸ் தலையாட்டினாள். தேதிக்குப் பக்கத்தில் அதையும் எழுதினாள்.